நக்கோ

இங்கே பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகாத நாளில் வீட்டுக்கு ஒரு அழைப்பு வரும். பேசுவது மனிதர் இல்லை, பதிவு செய்து வைத்த குரல். டொரொண்டோவின் கிழக்கு ஓரத்தில் ஸ்கார்பரோவில் நாங்கள் குடியேறிய முதல் குளிர்காலத்தில், என் மகள் ருக்கையா காய்ச்சலோடு படுத்திருந்தபோது அந்தக் குரல் முதல் தடவை வந்தது. உருதுவில் வந்தது. பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் என்ன மொழி என்று கேட்டதற்கு என் கணவர் இம்தியாஸ் உருது என்று சொல்லியிருந்தார். நவாப் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பதுபோல அந்த அம்மாள் பேசிக்கொண்டே போனார். எனக்குப் பாதி புரியவில்லை. பள்ளிக்குப் போய்த் தமிழுக்கு மாற்றச் சொன்னேன். அடுத்த முறை ஒரு ஐயா பேசினார்: "தங்களுடைய பிள்ளை இன்று பாடசாலைக்குச் சமுகமளிக்கவில்லை." இலங்கைத் தமிழில் அதற்கு வரவில்லை என்று அர்த்தம். எனக்கு அப்போது தெரியாது. ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டாள் போலிருக்கிறது என்று பதறி, படுத்திருந்தவளை எழுப்பி விசாரித்தேன். கடைசியில் இங்கிலீஷுக்கே மாற்றிக்கொண்டேன். அதுதான் தெளிவாகப் புரிந்தது. எங்கள் மொழி என்று இவர்கள் கொடுத்த இரண்டும் எங்களுக்குப் புரியவில்லையே என்று சொல்லி அன்றைக்கு நானும் இம்தியாஸும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

ஆம்பூரில் எங்களை யாரும் மொழி கேட்டதில்லை. காய் வண்டிக்காரரிடம் தமிழில் விலை கேட்போம், பக்கத்து வீட்டுக்காரியிடம் உருதுவில் ஜாஸ்தி என்று முணுமுணுப்போம், மறுபடி தமிழில் பேரம் பேசுவோம். நடுவில் மொழி மாறியது என்ற நினைப்பே வராது. எங்கள் வீட்டுப் பேச்சை உருது என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம், அவ்வளவுதான். வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்போம். அந்தச் சொல்லை லாகூர்க்காரர்களும் லக்னோக்காரர்களும் பேசுவதில்லை. வாக்கியம் உருதுவில் புறப்பட்டுத் தமிழில் போய் நிற்கும். கண்ணு, அய்யோ, சும்மா எல்லாம் எங்கள் உருதுவில் சேர்த்திதான். எழுதப் படிக்க வருவது தமிழ். உருதுவை வாசிக்க எனக்கும் தெரியாது, ருக்கையாவுக்கும் தெரியாது. இந்தக் கட்டுரையில் எங்கள் வீட்டுப் பேச்சை உள்ளபடி எழுதினால் உங்களில் பலருக்குப் பாதிதான் புரியும். அதனால் ஊர்த் தமிழில் எழுதுகிறேன். எங்களைப்போல வேறு இடங்களில் போய் விழுந்திருக்கும் ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரத்து ஆட்கள் படித்தால் அவர்கள் காதில் அது சரியாகவே கேட்டுவிடும்.

ருக்கையாவுக்கு என்னைவிடப் பிரியம் அவளுடைய புப்பு மேல்தான். அத்தையைப் புப்பு என்பது எங்கள் வழக்கம். மெஹருன்னிசா என் கணவரின் தங்கை. கல்யாணமான வருஷமே புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டவள். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. பால் மறந்த நாளிலிருந்து ருக்கையா படுத்துத் தூங்கியது மெஹர் பக்கத்தில்தான். சென்னை விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற மெஹரைப் பார்த்துப் பார்த்து அழுதவளை இழுத்துக்கொண்டுதான் உள்ளே போனோம். இங்கே வந்த பிறகு தினமும் காலையில் மெஹரிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு குரல் வரும். கம்பெனி வேனில் யார் யாரோடு சண்டை, எந்த சூப்பர்வைசருக்கு முடி கொட்டிவிட்டது, எந்த வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணி குழைந்துபோனது என்று ஊர்வம்பு எல்லாம் அதில் இருக்கும். தலை வாரிக்கொண்டே ருக்கையா அதைக் கேட்டுச் சிரிப்பாள். அந்தக் குரல் தீர்ந்த பிறகுதான் அவளுக்குக் கனடா ஆரம்பிக்கும்.

பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் டீச்சராக வந்தவர் மிஸஸ் வெல்ஷ். பிள்ளைகள் என்ன சொன்னாலும் நெஞ்சில் கை வைத்துக் கேட்கிறவர். 'என் மொழியும் நானும்' என்று ஒரு பாடப்பகுதி நடத்தினார். ஒவ்வொரு பிள்ளையும் வகுப்பின் முன்னால் நின்று வீட்டு மொழியைப் பற்றிப் பேச வேண்டும். வீட்டார் ஒருவரின் குரலையும் பதிவு செய்து கொண்டுபோய்ப் போட்டுக் காட்ட வேண்டும். ருக்கையா வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் கேட்டாள், "நம்ம பாஷை இன்னா?"

"உருதுன்னு சொல்லிடு. முடிஞ்சுபோச்சி," என்றார் இம்தியாஸ்.

"எனக்குப் படிக்கவே தெரியாதேப்பா."

"தமிழ்னு சொல்லு," என்றேன் நான். "தமிழ்லதானே அங்க நல்ல மார்க் வாங்கின."

"வீட்டுல பேசறது தமிழ் இல்லியேம்மா. உள்ளத உள்ளபடி சொல்லணும்னு மிஸ் சொல்லிக்கிறாங்க. அதுக்குத்தான் மார்க்காம்."

உள்ளதை உள்ளபடி சொல்வது என்றே முடிவு செய்தாள். மெஹரிடம் ஏதாவது பேசி அனுப்பு, எப்பவும்போல பேசு, நடிக்காதே என்று சொல்லியனுப்பினாள். மெஹர் அன்று காலை கம்பெனி வேனுக்குள் பூனை புகுந்த கதையைச் சொன்னாள். பெண்கள் எல்லோரும் சீட்டின் மேல் ஏறிக் கூச்சல் போட, பூனை மெஹரின் சாப்பாட்டுக் கூடையைப் பார்த்து வர, அவள் பூனையிடமே கெஞ்சியிருக்கிறாள். "நக்கோ மா, நக்கோ நக்கோ நக்கோ!" அந்த இடத்தில் அவளுக்கே சிரிப்பு தாங்காமல் குரல் உடைந்து மேலே போய்க் கீச்சென்று நின்றது. கேட்டு நாங்கள் மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். ருக்கையா அதைத்தான் வகுப்புக்குக் கொண்டுபோனாள்.

வகுப்பில் என்ன நடந்தது என்பதை அவள் ஒரே தடவையில் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, வேறு ஏதோ பேசும்போது வந்து விழுந்தது. மீதியை, வகுப்பில் யாரோ போனில் எடுத்த வீடியோவில் நானே பார்த்தேன். அவள் நன்றாகத்தான் பேசியிருக்கிறாள். வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் மூன்று மொழி, மூன்றும் கலந்ததுதான் நான் என்று முடித்துவிட்டு மெஹரின் குரலைப் போட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். பூனைக்காகச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அவளும் சிரித்தாள். அப்போது ஸோயா என்ற பெண் கை தூக்கினாள். அவளுடைய பெற்றோர் லாகூர்க்காரர்கள்.

"மிஸ், தப்பா நினைக்க வேண்டாம். இது உருது இல்லை. எங்கள் அம்மா சனிக்கிழமைகளில் உருது சொல்லிக்கொடுக்கிறார். உருதுவில் இப்படி ஒரு சொல்லே கிடையாது. இது உடைஞ்சுபோன எதுவோ."

மிஸஸ் வெல்ஷ், தர்ஷிகா என்ற பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். அவள் யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்தது இங்கேதான். தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை.

"தமிழும் இல்லை மிஸ். இவர்கள் முஸ்லிம்கள். தமிழர்கள் வேறு."

அந்த இடத்தில் ஒரு டீச்சர் என்ன செய்திருக்கலாம் என்று நான் இப்போதும் யோசிக்கிறேன். ருக்கையா, நீ போய் உட்கார் என்று சொல்லியிருக்கலாம். மிஸஸ் வெல்ஷுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. எவ்வளவு அருமையான உரையாடல் என்று சொல்லிவிட்டு, பலகையில் 'எது உருது? எது தமிழ்? யார் தீர்மானிப்பது?' என்று எழுதினார். வகுப்பு இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. உடைந்த மொழி மொழியாகுமா என்று ஒருவன் கேட்டான். சொந்த மொழி இல்லாதவர்கள் கலந்து பேசிக்கொள்வார்கள் என்று இன்னொருத்தி விளக்கினாள். அந்தக் குரலை இன்னொரு தடவை போடுங்கள் என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, டீச்சர் போடச் சொன்னார். ருக்கையா போட்டாள். நக்கோ நக்கோ நக்கோ. இத்தனைக்கும் அவள் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். ஒருவரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. கடைசியில் மிஸஸ் வெல்ஷ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, மிகவும் கனிவாகக் கேட்டார்: "ருக்கையா, இந்த மூன்றில் எதில் நீ உண்மையிலேயே நீயாக இருக்கிறாய்?" மணி அடித்துவிட்டது.

என்னுடைய இங்கிலீஷ் வகுப்பும் எனக்கு மறக்கவில்லை. ஆம்பூரில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. அங்கே நீ யார் என்று எந்த மிஸ்ஸும் கேட்கமாட்டார்கள். கேட்காமலேயே தெரியும். என் அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்பார்கள். என்ன சோப்பு போட்டாலும் அந்த வாடை எங்கள் வீட்டுத் துணியை விட்டுப் போகாது. இங்கிலீஷ் மிஸ் முதல் நாளே மூக்கைச் சுளித்து, "நீ ஜன்னலாண்ட போய்க் குந்து," என்றார். வருஷம் முழுக்க அங்கேதான் உட்கார்ந்தேன். ஒரு நாள் குடும்பத்தைப் பற்றி ஒவ்வொருத்தியாக எழுந்து சொல்ல வேண்டும். அவளவள் அப்பாவை டீச்சர், டாக்டர், கிளார்க் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். என் முறை வந்தபோது அந்த வேலைக்கு இங்கிலீஷில் பெயர் தெரியாமல் "மை ஃபாதர் இஸ் எ லெதர்" என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. மிஸ் அதைத் திருத்தவில்லை. "சத்தமா சொல்லு, கடைசி பெஞ்சுக்குக் கேக்கல," என்றார். சொன்னேன். "இன்னொரு வாட்டி." சொன்னேன். பத்தாம் வகுப்பு முடிகிறவரை என் பெயர் லெதர். வெக்கையாக இருந்த ஒரு மதியம் பக்கத்துப் பெண்ணிடம் உருதுவில் தண்ணீர் கேட்டதற்கு, "சாயபு பாஷையெல்லாம் வீட்டோட வெச்சிக்க," என்று எழுந்து நிற்க வைத்தார். அங்கே எங்களை வாயை மூடு என்று சொல்லி அவமானப்படுத்தினார்கள். இங்கே என் மகளைப் பேசு பேசு என்று கேட்டு அதையே செய்தார்கள். என் மிஸ்ஸை நான் வெறுத்துத் தொலைத்துவிட முடிந்தது. மிஸஸ் வெல்ஷை வெறுக்கக்கூட ருக்கையாவுக்கு வழியில்லாமல் போயிற்று. அவர் அவ்வளவு நல்லவர்.

வகுப்பில் போனில் எடுத்த அந்த வீடியோவை யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ருக்கையா முழித்துக்கொண்டு நிற்கிற படம், அதற்கு மெஹரின் குரல், நக்கோ என்று வரும் இடமெல்லாம் ஒரு ஆட்டின் கத்தல். மறுநாளே பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. ருக்கையாவுக்கு நக்கோ என்று பெயர் விழுந்தது. நடைக்கூடத்தில், பஸ்ஸில், சாப்பாட்டு அறையில் அவளைக் கண்டதும் மெஹரைப்போலவே குரலை மேலே ஏற்றிக் கீச்சென்று முடிப்பார்களாம். நான் போய்ப் புகார் கொடுத்தேன். இங்கே அடிக்கமாட்டார்கள், வெளியே நிறுத்தமாட்டார்கள். எல்லோரையும் வட்டமாக உட்கார வைப்பார்கள். மனம் புண்பட்டவர் தன் புண்ணைப் புண்படுத்தியவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு கூட்டம் போட்டார்கள். துணைத் தலைமை ஆசிரியர், மிஸஸ் வெல்ஷ், ஸோயா, தர்ஷிகா, ருக்கையா, நான். எனக்காக உருது மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் வரவழைத்திருந்தார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்றேன். இது உங்கள் உரிமை என்று சிரித்தபடி அவரைக் காட்டினார்கள். கோட்டு போட்ட பெரியவர். மரியாதைக்கு அவரிடம் எங்கள் உருதுவில் இரண்டு வார்த்தை பேசினேன். அவர் நெற்றியைச் சுருக்கிக் கேட்டுவிட்டுத் துணைத் தலைமை ஆசிரியரிடம் இங்கிலீஷில் சொன்னார்:

"மன்னிக்க வேண்டும். இவர் பேசுவது உருது இல்லை. என்னால் பொறுப்பேற்று மொழிபெயர்க்க முடியாது."

"அப்படியானால் இவர் என்ன மொழி பேசுகிறார்?"

பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். ஸோயா வகுப்பில் சொன்னதை இவரே சொல்லிவிட்டார். சொல்ல வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்த ருக்கையாதான் பதில் சொன்னாள். இங்கிலீஷில் சொன்னாள்.

"ஒன்றுமில்லை. அவர் பேசுவது ஒன்றுமே இல்லை."

தெரிந்த இங்கிலீஷைத் திரட்டி மிஸஸ் வெல்ஷைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டேன். "பீரியட் முழுக்க என் மகள் நின்றுகொண்டே இருந்தாள். நீங்கள் ஏன் அவளை உட்காரச் சொல்லவில்லை?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவளுக்குக் காலில் ஏதாவது பிரச்சினையா? முன்பே சொல்லியிருந்தால் நாற்காலி போட்டிருப்பேனே." வெளியே பார்க்கிங்கில் ருக்கையா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். காரில் ஏறியதும் கதவை அறைந்து சாத்தினாள். "உன்னை யார் வாயைத் திறக்கச் சொன்னது?" என்றாள். அதுவும் இங்கிலீஷில்தான். அன்றிலிருந்து வீட்டில் எங்களோடு அவள் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான்.

ஒரு வாரம் கழித்து மதிப்பெண் வந்தது. வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண். துணிச்சலான, அசலான குரல் என்று மிஸஸ் வெல்ஷ் பாராட்டி எழுதியிருந்தார். பள்ளியின் பல்பண்பாட்டு விழாவில் அந்தப் பூனைக் கதையை மேடையில் மறுபடி செய்து காட்ட முடியுமா என்றும் கேட்டிருந்தார். ருக்கையா படித்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

அந்த வீடியோ ஸ்கார்பரோவோடு நிற்கும் என்று நான் நினைத்தது மடத்தனம். அது யார் யார் போனிலோ ஏறி, துபாயில் இருக்கும் ஒரு உறவுப் பையனுக்குப் போய், அங்கிருந்து ஆம்பூருக்குப் போயிருக்கிறது. கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் தையல் பிரிவுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். நடுவில் மெஹர். அவளே எனக்குப் போன் செய்து சொன்னாள். அண்ணியான என்னை அவள் பாபி என்றுதான் கூப்பிடுவாள்.

"பாபி, ஆட்டுச் சத்தம்லாம் போட்டுக்கிறாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டேன்."

"புள்ளைங்க இன்னாவோ விளையாட்டுக்குப் பண்ணிட்டுது மெஹர். நீ மனசுல வெச்சிக்காத."

"வெச்சிக்கல பாபி." பிறகு கேட்டாள், "என் பேச்சு அவ்ளோ அசிங்கமாவா கீது?"

இல்லை என்றேன். நூறு தடவை இல்லை என்றிருப்பேன். பக்கத்திலிருந்த ருக்கையாவிடம் போனை நீட்டினேன். அவள் வாங்கிக் காதில் வைத்து, இங்கிலீஷும் உருதுவுமாக ஒரே மூச்சில், "யாரு உன்ன அப்படிக் கத்தச் சொன்னா?" என்று சொல்லிவிட்டு என்னிடமே திருப்பித் தந்தாள். மறுமுனையில் மெஹர், "ஹவ் கண்ணு, தப்புதான்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஹவ் என்றால் எங்கள் பேச்சில் ஆமாம். அதை நான்தான் கேட்டேன். மறுநாள் காலையில் குரல் வரவில்லை. கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அடுத்த நாளும் அதே படம்.

அடுத்த கோடை விடுமுறையில் நானும் ருக்கையாவும் ஊருக்குப் போனோம். இம்தியாஸுக்கு லீவு கிடைக்கவில்லை. விமானத்தில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ருக்கையா திடீரென்று கேட்டாள், புப்பு என்னை வெறுக்கிறாளா என்று. போய்க் கட்டிப் பிடித்துக்கொள், எல்லாம் சரியாகிவிடும் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். உதட்டுக்குள்ளேயே எதையோ சொல்லிப் பழகிக்கொண்டு வந்ததுபோல எனக்குத் தோன்றியது.

ஆம்பூரில் எங்கள் தெருவில் கார் நின்றதும் மெஹர் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நல்ல துப்பட்டா போட்டிருந்தாள், கண்ணுக்கு மை வைத்திருந்தாள். ருக்கையா இறங்கிக் கையை விரிக்கப் போனாள். மெஹர் ஒரு எட்டு தள்ளியே நின்று, மனப்பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்:

"வெல்கம் ருக்கையா. வெல்கம் டு அவர் ஹவுஸ். ஜர்னி ஓகே?"

ருக்கையா பிறந்த வீடு அது. விரித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, "யெஸ். தேங்க் யூ," என்றாள். போனிலேயே இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற பாடம் கிடைக்கிறதாம், மெஹர் அதைத் தினமும் கேட்டுப் படித்திருக்கிறாள். சமையலறையில் என்னிடம் பெருமையாகச் சொன்னாள். "ருக்குவுக்கு என்னால திரும்பவும் வெக்கக்கேடு வரக் கூடாது இல்ல பாபி?" பெருமையோடுதான் சொன்னாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மதியம் பிரியாணி. ஊரில் எல்லோரும் சொல்லிக்கொள்ளும் பிரியாணியைவிட மெஹர் செய்வது ஒரு படி மேல். சாப்பாட்டு விரிப்பான தஸ்தர்கானைத் தரையில் விரித்து மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். முன்பெல்லாம் ருக்கையாவும் மெஹரும் ஒரே தட்டில்தான் சாப்பிடுவார்கள். அன்றைக்கு மெஹர் அவளுக்குத் தனியாகக் கண்ணாடித் தட்டும் ஸ்பூனும் வைத்திருந்தாள்.

"மோர் ரைஸ்?" என்றாள். ருக்கையா தலையசைத்தாள்.

"லிட்டில் சிக்கன்? நோ ஸ்பைசி."

ருக்கையா ஸ்பூனைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. கரண்டி பிடித்திருந்த மெஹரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து எங்கள் பேச்சு வந்தது.

"நக்கோ புப்பு. ஐஸா நக்கோ."

இப்படி வேண்டாம் அத்தை என்று சொன்னாள். எனக்கு அது புரிந்தது. மெஹரின் கை அப்படியே நின்றது. ருக்கையாவின் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் எப்படிச் சிரித்திருப்பாள் என்று அப்போதுதான் தெரிந்தது. தன்னைக் கேலி செய்கிறவர்களுக்கு முன்னால் தானே முந்திக்கொள்கிற சிரிப்பு.

"பாத்தியா பாபி, இன்னும் அதையே சொல்லிக் காமிக்கிது."

"அவ அப்படிச் சொல்லல மெஹர்," என்றேன்.

"பரவால்ல பாபி, சொல்லட்டும். கம்பெனில எல்லாரும்தான் சொல்றாங்க. பழகிப்போச்சி." கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு எழுந்து சமையலறைக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. ருக்கையா எழுந்து பின்னாலேயே ஓடினாள். வாசலில் நின்றவளை மெஹர் திரும்பிப் பார்த்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யூ வான்ட் வாட்டர்?" என்று கேட்டாள். ருக்கையா தண்ணீரை வாங்கிக் குடித்தாள். மிச்ச நாளெல்லாம் காலையில் குட் மார்னிங், ராத்திரி குட் நைட். ஒரு காலத்தில் ஒரே போர்வைக்குள் படுத்த இரண்டு பேர் ஒரே வீட்டுக்குள் அப்படிச் சொல்லிக்கொண்டார்கள். நான் மெஹரிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பியதாகக் காட்டிக்கொண்டாள். பிள்ளையைக் காப்பாற்ற அம்மா பேசுகிற பேச்சு என்று நினைத்திருப்பாள்.

திரும்பும் நாளில் சென்னைக்கு வாடகைக் கார் பிடித்தோம். மெஹர் வாசலோடு நின்றுவிட்டாள், விமான நிலையத்துக்கு வரவில்லை. கம்பெனியில் லீவு தரவில்லை என்றாள். வண்டி ஓட்டியவர் பள்ளிகொண்டாக்காரர், நடுவயது, கலகலப்பானவர். வேலூர் தாண்டுவதற்குள் தன் குடும்பக் கதை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். சத்துவாச்சாரி கடந்ததும் கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்து, "பாப்பா எத்தினியாவது படிக்குது?" என்றார். ருக்கையா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாப்பாவுக்குத் தமிழ் தெரியாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ருக்கையா முந்திக்கொண்டாள். "நோ. நோ தமிழ்."

அவர் உச்சுக்கொட்டினார். அவளுக்குப் புரியாது என்று ஆனபிறகு அவருக்குக் கூச்சம் போய்விட்டது. மேல்விஷாரத்தில் டீசல் போடுவதற்காக சர்வீஸ் ரோட்டில் இறங்கி, லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே என்னோடு பேசினார்.

"இன்னாம்மா இப்படி வளத்துட்டீங்க? எங்க அக்கா புள்ளகூட மஸ்கட்லதான் கீது. போன்ல வந்தா தமிழ்ல சண்டையே போடும். தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கி உங்களுக்கு ஒண்ணு ஆயிடிச்சின்னா, பக்கத்துல குந்திகினு இந்தப் பொண்ணு எந்த பாஷைல அழும்?"

பதில் சொன்னால் மகளைப் பொய்க்காரியாக்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன். ருக்கையா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். அவளுடைய போன் அணைத்துவைத்தபடி என் பையில் இருந்தது. வண்டி நகர நகர வெளியே கடைகள் ஒவ்வொன்றாக வந்தன. செருப்புக் கடை, பரோட்டாக் கடை, மருந்துக் கடை, தோல் பொருள் விற்பனை நிலையம். காது மடல் சிவந்திருந்தது, தாடை இறுகியிருந்தது, உதடு மட்டும் விடாமல் அசைந்துகொண்டிருந்தது. தமிழில் எழுதிய பலகைகளை ஒன்று விடாமல், எங்கும் திக்காமல், சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டு வந்தாள்.

"பாப்பா பாட்டு பாடுது போல," என்றார் டிரைவர்.